சுவிட்ச்: ஆளியா, சொடுக்கியா?

கோலாலம்பூரிலோ பினாங்கிலோ ஒரு தமிழ் வீட்டில் 'சுவிட்சைப் போடு' என்றால் குழந்தைக்கும் புரியும். மலாயில் அதுவே 'சுயிஸ்'. இரண்டுக்கும் மூலம் ஆங்கிலம். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்த ஆங்கிலச் சொல்லுக்கு வளைந்து கொடுக்கும் மெல்லிய குச்சி, குதிரையை விரட்டும் பிரம்பு என்றே பொருள். பிறகு ரயில் பாதையைத் திருப்பிவிடும் அசையும் தண்டவாளத்துக்குப் பெயரானது. மின்சாரத்துக்கு வந்தது 19ஆம் நூற்றாண்டில்தான்.

தமிழில் இதற்கு மூன்று சொற்கள் புழங்குகின்றன. 'விசை' இயற்பியலில் வேறொன்றைக் குறிக்கும். விசைத்தறி, விசைப்பலகை என்று வேறு பல வேலைகளும் அதற்கு உண்டு. அதைத் தனியாக எழுதினால் குழப்பம்தான் மிஞ்சும். 'ஆளி' இலங்கைப் பாடநூல்களில் நிலைத்த சொல். ஆள்வது ஆளி. 'சொடுக்கி' சொடுக்குதலிலிருந்து பிறந்தது. விரலையும் சொடுக்கலாம், சாட்டையையும் சொடுக்கலாம். அங்கே பிரம்பு, இங்கே சாட்டை: தற்செயல்தான் என்றாலும் அழகான தற்செயல்.

எது சரியான சொல் என்ற கேள்விக்கு நேற்றுவரை அவ்வளவு அவசரம் இல்லை. கைப்பேசியிலிருந்தே இயக்கக்கூடிய திறன் குமிழ், அதாவது 'ஸ்மார்ட் பல்ப்', வீட்டுக்குள் வந்தபின் ஆளி, சொடுக்கி என்ற இரண்டு சொற்களும் தேவைப்படுகின்றன. சுவரில் இருப்பது மின்சாரத்தைத் துண்டிக்கிறதா, விளக்குக்குக் கட்டளை மட்டும் அனுப்புகிறதா? துண்டிப்பதை ஆளி என்றும், கட்டளை அனுப்புவதைச் சொடுக்கி என்றும் பிரித்து எழுதலாம் என்பது எங்கள் கருத்து. ஆங்கிலம் இரண்டையும் ஒரே பெயரில் அழைப்பதால்தான் கடையில் தவறான பொருளை வாங்கி வருகிறோம்.

திறன் குமிழுக்குள், கம்பியில்லாமல் கட்டளை வாங்கும் சிறிய வானொலிச் சில்லு ஒன்று எந்நேரமும் விழித்திருக்க வேண்டும். விளக்கு அணைந்திருக்கும்போதும் அது சிறிதளவு மின்சாரம் எடுக்கும், வழக்கமாக அரை வாட்டுக்கும் குறைவு. பாட்டி பழக்கதோஷத்தில் ஆளியைத் தட்டிவிட்டால் சில்லும் தூங்கிவிடும். அப்புறம் கைப்பேசியில் எத்தனை முறை அழுத்தினாலும் பதில் வராது. கருவிகள் தமக்குள் கம்பியில்லாமல் பேசிக்கொள்ளும் 'ஸிக்பீ' வகையில் சிக்கல் இன்னும் பெரிது. அங்கே பெரும்பாலான குமிழ்கள் அடுத்த கருவிக்குச் செய்தி கடத்தும் இடைநிலையங்கள். வரவேற்பறைக் குமிழ் அணைந்தால் பின்கட்டில் இருக்கும் உணரியும் (சென்சார்) தொடர்பு இழக்கலாம். பிள்ளைகள் ஆளியை வேகமாக மூன்று முதல் ஐந்து முறை போட்டுப் போட்டு அணைத்தால் பல குமிழ்கள் அதை மீளமைப்புக் கட்டளையாக எடுத்துக்கொண்டு பழைய இணைப்பை மறந்துவிடும். குமிழ் கெட்டுப்போனது என்று தூக்கி எறிவதற்கு முன் இதைப் பாருங்கள்.

வாடகை கொண்டோவில் கம்பியைத் தொடாமல் முடிக்கலாம். ஆளியை 'ஆன்' நிலையில் விட்டு, மேலே ஒரு மூடியைப் பொருத்தி, பக்கத்தில் பேட்டரிச் சொடுக்கி ஒன்றை ஒட்டிவிடுங்கள். செயலியில் 'மின்சாரம் திரும்பியதும்' என்ற அமைப்பையும் கவனியுங்கள். 'எப்போதும் எரி' என்று வைத்தால், நள்ளிரவில் மின்சாரம் போய் வரும்போது வீடு முழுக்க வெளிச்சமாகும். 'முந்தைய நிலை' என்று வைத்தால், விருந்தாளி ஆளியைப் போட்டும் விளக்கு எரியாமல் இருக்கலாம். படுக்கையறைக்கு இரண்டாவதும் கழிப்பறைக்கு முதலாவதும் பொருந்தும்.

சொந்த வீடென்றால் ஆளியையே சொடுக்கியாக மாற்றலாம். சுவிட்ச் பெட்டிக்குள் அடங்கும் பேட்டரி மாட்யூல்கள் இதற்கென்றே உண்டு. வீட்டுக்கு மின்சாரத்தைப் பிரித்துத் தரும் டிபி பெட்டியில் அந்தச் சுற்றின் எம்சிபியை, அதாவது மின்சாரத்தைத் துண்டிக்கும் விசையை, இறக்கி, டெஸ்டரால் சோதித்து, ஆளியிலிருந்து இரண்டு கம்பிகளையும் கழற்றி, அவற்றை ஒரே கனெக்டரில் நிரந்தரமாகச் சேர்க்க வேண்டும். இனி குமிழுக்கு ஓயாமல் மின்சாரம் போகும். வெறுமையான ஆளியின் முனைகளில் மாட்யூலின் மெல்லிய கம்பிகள் மட்டுமே ஏறும். 230 வோல்ட் கம்பி ஒன்று தவறி அந்த மாட்யூலைத் தொட்டால் அதன் கதை முடிந்தது. தீபகற்ப மலேசியாவில் இத்தகைய வயரிங் வேலையை எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் உள்ள வயர்மேன்தான் செய்ய வேண்டும்.

இன்னொரு வகை ரிலே மாட்யூல்; ரிலே என்பது கட்டளை வந்தால் தானே போட்டு அணைக்கும் ஆளி. பிரிப்பு முறையில், அதாவது 'டிடாச்டு மோடி'ல், வைத்தால் ரிலேயை எப்போதும் 'ஆன்' நிலையிலேயே விடலாம். சுவர்ப்பொத்தான் கட்டளை மட்டும் அனுப்பும். இந்த முறை இல்லாத ரிலேயை வாங்கினால் பழைய ஆளியையே அதிக விலைக்கு வாங்கியதாகிவிடும். இந்த மாட்யூலுக்குப் பெரும்பாலும் நியூட்ரல், அதாவது மின்சுற்றை முடித்துவைக்கும் இரண்டாவது கம்பி, வேண்டும். நம் ஊர் வீடுகள் பலவற்றில் சுவிட்ச் பெட்டிக்குள் நியூட்ரலே இருக்காது. மின்சாரம் கொண்டுவரும் லைவ் ஒன்று இறங்கும், விளக்குக்கு ஒன்று ஏறும், அவ்வளவுதான். கறுப்புக் கம்பியைக் கண்டதும் நியூட்ரல் என்று முடிவுகட்டாதீர்கள். பழைய வயரிங்கில் அது ஆளியிலிருந்து விளக்குக்கு ஏறும் கம்பியாகவும் இருக்கும். மீட்டர் வைத்துப் பார்த்தே தீர வேண்டும்.

நியூட்ரல் தேவைப்படாத திறன் ஆளிகளும் கிடைக்கும். அவை விளக்கின் வழியே துளி மின்சாரத்தைக் கசியவிட்டுத் தம்மை உயிரோடு வைத்துக்கொள்பவை. சிறிய எல்இடி அதற்கே மினுமினுக்கும், அணைத்த பின்னும் மங்கலாக ஒளிரும். அதற்காகத்தான் பெட்டியில் ஒரு கெபாசிட்டர் தருகிறார்கள். அதை விளக்கின் இரு முனைகளுக்குக் குறுக்கே இணைக்க வேண்டும், ஆளியில் அல்ல. இந்த வகை சாதாரணக் குமிழுக்கே ஏற்றது. அதன் கீழ் திறன் குமிழை மாட்டினால் இரண்டும் ஒன்றையொன்று இருட்டில் தள்ளும்.

பழைய மங்கலாக்கி, அதாவது 'டிம்மர்', இருக்கும் சுவரில் திறன் குமிழே வேண்டாம். டிம்மர் வெட்டித் தரும் மின்சார அலை குமிழை ரீங்கரிக்க வைக்கலாம், நாளடைவில் கெடுத்தும்விடலாம். முதலில் டிம்மரைக் கழற்றிவிட்டுச் சாதாரண ஆளி போடுங்கள்.

'திறன் குமிழ்' என்ற பெயர் திறன்பேசியின் தடத்தில் வந்தது. இயற்பியல் ஆசிரியர் முகம் சுளிப்பார்; அவருக்குத் திறன் என்பது வாட்டில் அளக்கும் பொருள். '9 வாட் திறனுள்ள திறன் குமிழ்' என்று எழுத நேர்ந்தால் முதல் 'திறனுள்ள'வை எடுத்துவிட்டு '9 வாட் திறன் குமிழ்' என்றால் போதும்.