கீரிங்னா என்ன, தமிழ்ல எப்படிச் சொல்றது?

மெயிலை என்க்ரிப்ட் பண்றவங்க, அதாவது அடுத்தவங்க படிக்க முடியாதபடி பூட்டி அனுப்பறவங்க வாயில அடிக்கடி வர்ற வார்த்தை கீரிங். நம்ம சீக்ரெட் கீ (திறக்கறதுக்கு, நாம மட்டும் வெச்சுக்கறது, ப்ரைவேட் கீன்னும் சொல்வாங்க), மத்தவங்களோட பப்ளிக் கீ (பூட்டறதுக்கு, யாருக்கு வேணா குடுக்கலாம்) எல்லாத்தையும் சேத்து வெக்கிற இடம், அவ்வளவுதான். ஃபில் சிம்மர்மன் 1991ல வெளியிட்ட பிஜிபிங்கற மெயில் பூட்டற சாஃப்ட்வேர் வழியா பழகிப்போன பேரு இது, அதுல பப்ளிக் கீக்கு ஒரு ஃபைல், சீக்ரெட் கீக்கு ஒரு ஃபைல்னு தனித்தனியா இருக்கும்.

சரி, ஒரே ஒரு கீ வெச்சுக்கிட்டா போதாதா? போதாது, ஏன்னா மெயிலைப் பூட்டுறது ஒவ்வொரு தடவையும் புதுசா உருவாகற ஒரு செஷன் கீ, அந்த செஷன் கீயை உங்க பப்ளிக் கீயால பூட்டி மெயிலோடயே அனுப்புவாங்க, கூடவே எந்தக் கீக்காகப் பூட்டினதுன்னு அடையாளமும் இருக்கும். பிஜிபிலருந்து வந்த ஓப்பன்பிஜிபி முறைன்னா கீ ஐடி, சர்டிஃபிகேட் (இந்த பப்ளிக் கீ இன்னாரோடதுன்னு குடுக்கற சான்று) வெச்சு நடக்கற எஸ்மைம் முறைன்னா பெரும்பாலும் அதைக் குடுத்தவங்க பேரும் சீரியல் நம்பரும். அதைப் பாத்துதான் சாஃப்ட்வேர் கீரிங்லருந்து சரியான சீக்ரெட் கீயை எடுக்குது. அனுப்பறவங்க கீ ஐடியை மறைச்சுட்டா ஜிபிஜிங்கற ஓப்பன்பிஜிபி சாஃப்ட்வேர் ஒவ்வொரு சீக்ரெட் கீயா போட்டுப் பாக்கும், பாஸ்வேர்ட் கேட்டுக் கேட்டு உயிரை வாங்கும்.

அதனால புது கீ வந்துடுச்சுன்னு பழசைத் தூக்கிப் போடாதீங்க. பழைய மெயில் பழைய கீக்குத்தான் திறக்கும். சர்டிஃபிகேட் எக்ஸ்பயர் ஆனாலும் அதோட ப்ரைவேட் கீ இருந்தா பழசைப் படிக்கலாம். கம்ப்யூட்டர் மாத்தறதுக்கு முன்னாடி ப்ரைவேட் கீயும் சேர்ந்த பி12 ஃபைலா எக்ஸ்போர்ட் பண்ணி வெச்சுக்கணும், வெறும் சர்டிஃபிகேட்ட வெச்சு ஒரு மெயிலும் திறக்க முடியாது, அதுல இருக்கறது பப்ளிக் கீ, பேரு, குடுத்தவங்க கையெழுத்து இதுமாதிரி விவரம்தான்.

இப்ப தமிழுக்கு வருவோம். கீன்னா சாவின்னு சொல்றோம், அந்த சாவியே போர்ச்சுகீஸ் 'சாவெ'லருந்து வந்தது. தனித்தமிழ்ல திறவுகோல், திறக்கற கோல். பப்ளிக் கீ பொதுத் திறவுகோல், ப்ரைவேட் கீ தனித் திறவுகோல், சர்டிஃபிகேட் சான்றிதழ், பூட்டினதைத் திறக்கற டிக்ரிப்ஷன் மறைநீக்கம். கீரிங்கை 'சாவி வளையம்'னு எழுதறது எனக்குப் பிடிக்கல. யாரு வீட்ல வளையத்தைத் தேடறாங்க, சாவிக்கொத்து எங்கன்னுதான கேக்கறோம். கட்டுரையில கொஞ்சம் கெத்தா வேணும்னா திறவுகோல் கொத்துன்னு எழுதுங்க.

ஒரே மெஷின்ல ரெண்டு சாஃப்ட்வேருக்கு ரெண்டு கொத்து தனித்தனியா இருக்கலாம். தண்டர்பேர்ட்ங்கற மெயில் சாஃப்ட்வேர் அதோட 78ஆவது வெர்ஷன்லருந்து ஓப்பன்பிஜிபிக்குன்னு தன் கொத்தைத் தனியா வெச்சிருக்கு, ஜிபிஜியில இருக்கற கீ அங்க தானா வராது, இம்போர்ட் பண்ணணும்.