ரெண்டும் சிஸ்கோதானே, ஏன் போடமுடியாது?

தைப்பூச விடுமுறைக்குத் தொழிற்சாலையை மூடுவோம், அப்போது ரவுட்டரை (அலுவலக நெட்வொர்க்கை வெளி லைன்களோடு இணைக்கும் பெட்டி) மாற்றிவிடலாம் என்று பினாங்கு பாயான் லெப்பாஸ் நிறுவனம் ஒன்று அழைத்தது. மேஜைமேல் பிரிக்காத பெட்டியில் சிஸ்கோவின் புது ரவுட்டர் சி8200. ரேக்கில் பழைய சிஸ்கோ 2911, அதில் லைன்களைச் செருகும் மூன்று கார்டுகள். "கார்டையெல்லாம் கழட்டி இதுல போட்டுடுங்கண்ணே, ரெண்டும் சிஸ்கோதானே?" என்றார் ஐடி தம்பி. இதே கேள்வியை எத்தனை இடத்தில்தான் காதில் வாங்குவது!

பெயர் ஒன்றானால் பொருந்திவிடாது, தம்பி. 2911இல் கார்டு செருகும் இடம் ஈஎச்விக் என்ற வகை ஸ்லாட். நீங்கள் வாங்கிய சி8200இல் நிம் என்ற புது வகை ஸ்லாட், அதுவும் ஒன்றே ஒன்று. அளவும் வேறு, பின்னாலுள்ள கனெக்டரும் வேறு. இடையில் போட அடாப்டரும் கிடையாது. முந்தைய தலைமுறை 2811இலிருந்து 2911க்கு வந்தபோது, 2811இன் எச்விக் கார்டுகள் பெரும்பாலும் அப்படியே ஓடின. அந்த ருசிதான் இன்னும் போகவில்லை. அப்போதும் அது ஒருவழிப் பாதைதான்: ஈஎச்விக் கார்டு 2811இல் ஓடாது.

நுழைந்துவிட்டாலும் நம்பாதீர்கள். (இது பெரிய ரவுட்டர் பார்க்கும் நண்பர்களுக்கு.) சிஸ்கோவின் பெரிய ரவுட்டரான ஏஎஸ்ஆர் 9000இல் பழைய டிரைடென்ட் கார்டு ஸ்லாட்டில் கச்சிதமாக உட்காரும்; ஆனால் ஆர்எஸ்பி880 என்ற கட்டுப்பாட்டு கார்டு போட்ட பெட்டியில் எழாது. இன்னொரு நிறுவனமான ஜூனிப்பரின் எம்எக்ஸ் ரவுட்டரை என்ஹான்ஸ்ட்-ஐபி என்ற இயங்குமுறைக்கு மாற்றினால் பழைய டிபிசி கார்டுகள் அணைந்தே கிடக்கும்.

அந்த மூன்று கார்டுக்கு வருவோம். சீரியல் கார்டின் கேபிளைப் பிடித்துக்கொண்டே போனால், மறுமுனை ரேக்குக்குப் பின்னால் கேபிள் டையில் சுருட்டிக் கட்டிக் கிடக்கிறது. லைன் எப்போதோ போய்விட்டது. சுவிட்ச் கார்டின் வேலையைத் தனி சுவிட்ச் ஒன்று செய்துவிடும். மிச்சம் டெலிபோன் இ1 கார்டு (ஒரே லைனில் பல அழைப்புகளைக் கொண்டுவருவது). அதற்கு நிம் வடிவ கார்டு வேண்டும், குரலுக்கு அதன்மேல் பிவிடிஎம்4 என்ற குரல் கையாளும் சிறு பலகையைப் பூட்டவேண்டும். பழைய பிவிடிஎம்3 உதவாது. கொட்டேஷனில் இரண்டுமே இல்லை!

பி.ஓ. (கொள்முதல் ஆணை) போடுமுன் பழைய ரவுட்டரில் 'ஷோ இன்வென்டரி' என்ற கட்டளையை அடித்து, வரும் கார்டுப் பட்டியலை முழுசாக சப்ளையருக்கு அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் ரவுட்டரின் முகத்தைப் படமெடுத்து அனுப்பாதீர்கள், தயவுசெய்து. எந்த கார்டு என்ன வேலை செய்கிறது என்று பக்கத்திலேயே எழுதுங்கள். ஸ்லாட்டை எண்ணுங்கள்.

2911க்கான ஆதரவு 2022 டிசம்பரோடு முடிந்தது, மாற்றத்தான் வேண்டும். ஆனால் இ1 கார்டுக்குப் பணம் கட்டுமுன், அந்த லைனை எஸ்ஐபிக்கு (நெட்வொர்க் வழியாகவே அழைப்பு வரும் முறை) மாற்றித் தருவார்களா என்று தொலைபேசி நிறுவனத்திடம் கேட்டுவிடுங்கள். தருவார்கள் என்றால் கார்டே வாங்கவேண்டாம்.