லென்ஸ் அப்புறம், படகை எங்கே நிறுத்துவீர்கள்?

பாய்மரப் படகுப் போட்டியைக் கடலில் இருந்தே படம் எடுக்க ஆசைப்படும் இளைஞர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "எந்த லென்ஸ் எடுத்துட்டு வரணும் சார்?" நான் திருப்பிக் கேட்பேன்: "உங்க படகை எங்கே நிறுத்துவீங்க?" அதற்குப் பதில் வராது.

சென்னைக்கு இந்த விளையாட்டு புதிதில்லை. ராயல் மெட்ராஸ் யாட் கிளப் தொடங்கியது 1911-ல். ஆனால் சென்னைப் பெண் நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்குத் தகுதி பெற்று, பாய்மரப் படகில் அங்கே போன முதல் இந்தியப் பெண் ஆன பிறகுதான் என்னிடம் படம் கேட்டு வரும் பெற்றோர் அதிகமானார்கள். கேமராவுடன் கடலில் இறங்குகிறவர்களும் அதிகமானார்கள். கரையில் நின்று எடுத்தால் பாய்கள் வெள்ளைப் புள்ளிகளாகத்தான் தெரியும், அதனால் கடலுக்குள் போவது தப்பில்லை. ஆனால் கிரிக்கெட்டில் எல்லைக்கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் படக்காரரால் பந்தின் வேகம் மாறாது. கடலில் அப்படி இல்லை. நாம் ஏறி வந்த படகு காற்றை மறைக்கும், அலையைக் கிளப்பும். நமக்கே தெரியாமல் போட்டிக்குள் புகுந்துவிடுவோம்.

நான் புகுந்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு சிறுவர் போட்டி. ஆப்டிமிஸ்ட் வகைப் படகுகள், 15 வயது வரை உள்ளவர்கள் ஓட்டுவது. நீளம் 2.36 மீட்டர், ஒரே பாய், ஒரே ஆள். தண்ணீர் உள்ளே வந்தால் வெட்டிய பிளாஸ்டிக் கேனால் பிள்ளைதான் மொண்டு ஊற்ற வேண்டும். போட்டிப் பாதையைக் குறிக்கும் முதல் மிதவையைச் சுற்றும்போது பிள்ளைகளின் முகம் வேண்டும் என்பது என் பிடிவாதம். நாங்கள் போனது ஒரு மீன்பிடி ஃபைபர் படகு. மிதவைக்குப் பக்கத்தில் போய் இன்ஜினை அணைக்கச் சொன்னேன். ஓட்டிய அண்ணன் அணைக்கும்போதே சொன்னார்: "சார், இன்ஜினை அமத்துனா படகு சும்மா நிக்காது. காத்து தள்ளும்." நான் வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்திருந்தேன். காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

இரண்டு நிமிடத்தில் நாங்கள் மிதவைக்குக் கீழே, அதாவது காற்று போகும் பக்கத்தில், படகுகள் வரும் பாதையிலேயே மிதந்துகொண்டிருந்தோம். முதலில் வந்த சிறுமி நேராக எங்கள் மேல் வந்தாள். கடைசி நொடியில் திருப்பினாள், பாய் படபடத்தது, படகு அப்படியே நின்றுவிட்டது. மூன்று பேர் அவளைத் தாண்டிப் போனார்கள். அவள் என்னைப் பார்த்த பார்வை நல்ல கூர்மையாக விழுந்திருக்கிறது. அந்தப் படத்தை இன்றுவரை நான் யாருக்கும் காட்டியதில்லை.

பாய்மரப் படகு காற்றுக்கு நேர் எதிராகப் போகாது. காற்றுக்குச் சுமார் 45 டிகிரி விலகி இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று வளைந்து வளைந்துதான் ஏறும். முதல் மிதவை இருப்பது காற்று வரும் திசையில். அதனால் அதற்குக் கீழே விரியும் பெரிய முக்கோணம் முழுவதும் அவர்களுடைய சாலை. காலியாகத் தெரியும் இடத்தில்கூட அடுத்த நிமிடம் ஒரு படகு வந்து திரும்பும். அந்த முக்கோணத்துக்கு வெளியே பக்கவாட்டில் நில்லுங்கள். மிதவைக்கு நேர் மேலே, காற்று வரும் திசையில் நிற்பது பாதுகாப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். அங்கே நின்றால் உங்கள் படகின் கூரை காற்றை உடைக்கும், உடைந்த காற்று கீழே வெகுதூரம் போகும். இன்ஜினை அணைக்காமல் மெதுவாக ஓடவிட்டு, நழுவ நழுவ இடத்தைச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். அந்த அண்ணன் சொன்னது இதைத்தான்.

அலை விஷயத்தில் இன்னொரு ஏமாற்று உண்டு. முழு வேகத்தில் வந்து, படகுகளுக்குப் பக்கத்தில் சட்டென்று வேகத்தைக் குறைப்பது மரியாதை என்று தோன்றும். உண்மையில் மோட்டார் படகு மூக்கைத் தாழ்த்தி அமரும் அந்த நேரத்தில்தான் பின்னாலிருந்து பெரிய அலை கிளம்பும். தூரத்திலேயே குறைத்துவிட்டு ஊர்ந்து வாருங்கள். குறுக்கே கடக்க வேண்டுமானால் போட்டிப் படகுகளின் பின்பக்கமாகத்தான்.

தொடக்கம்தான் எல்லோருக்கும் பிடித்த காட்சி. 5 நிமிடம் முன்னால் முதல் கொடி, 4 நிமிடத்தில் அடுத்தது, 1 நிமிடத்தில் ஒன்று இறங்கும், அப்புறம் தொடக்கம். நடுவர் படகுக்கும் ஒரு மிதவைக்கும் இடையே உள்ள கற்பனைக் கோடுதான் தொடக்கக் கோடு. அந்த 5 நிமிடமும் கோட்டுப் பக்கமே போகாதீர்கள். நடுவர் படகில் இருப்பவர் கோட்டின் நேராகக் கண்ணை வைத்து, யார் முன்கூட்டியே தாண்டினார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பார். மறுமுனை மிதவைக்கு அருகில் நீங்கள் போய் நின்றால் அவர் பார்வையை மறைப்பது உங்கள் முதுகு.

வாயையும் கட்ட வேண்டும். வெளியாள் உதவி செய்யக் கூடாது என்பது போட்டி விதி. "இடது பக்கம் நல்ல காத்து இருக்கு பாப்பா" என்று பாசத்தில் கத்தினாலும் பாதிப்பு அந்தப் பாப்பாவுக்குத்தான். பெற்றோரைப் படகில் ஏற்றினால் ஏறும் முன்பே இதைச் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் ஆபத்தில் இருப்பவருக்குக் கைகொடுப்பதை அந்த விதி தடுப்பதில்லை. படகு கவிழ்வது இந்த விளையாட்டில் சாதாரணம், பெரும்பாலும் பிள்ளைகளே நிமிர்த்திவிடுவார்கள். தலை மேலே தெரிகிறதா, கயிற்றில் கால் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் கேமரா கீழே போக வேண்டும், நடுவரின் மீட்புப் படகுக்குத் தகவல் போக வேண்டும். நீரில் ஆள் இருக்கும் பக்கம் நெருங்கினால் இன்ஜின் அணைந்திருக்க வேண்டும். தண்ணீருக்குள் சுழலும் இன்ஜின் விசிறிக்கு யார் கால் என்று தெரியாது. ஓட்டுபவர் கையில் கில் ஸ்விட்ச் கயிறு, அதாவது அவர் தவறி விழுந்தால் இன்ஜினை நிறுத்தும் கயிறு, மாட்டியிருக்கிறாரா என்று கிளம்பும் முன்பே பார்ப்பேன். பல ஃபைபர் படகுகளில் அது இன்ஜினிலேயே நிரந்தரமாகச் செருகிக் கிடக்கும்.

லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஏறாதீர்கள். நீச்சல் தெரியும் என்பது பதிலாகாது. கேமரா வாரைக் கழுத்தில் மாட்டாதீர்கள். தண்ணீரில் விழுந்தால் ஜாக்கெட் மேலே இழுக்கும், வார் கழுத்தை இறுக்கும். நின்றுகொண்டு எடுக்காதீர்கள், முட்டி போட்டு, இடுப்பைப் படகின் விளிம்பில் சாய்த்துக்கொள்ளுங்கள்.

சரி, லென்ஸ். 100-400 மி.மீ. ஜூம் ஒன்று போதும், கடலில் லென்ஸ் மாற்றவே கூடாது. ஷட்டர் 1/1600-க்குக் குறையாமல். வெள்ளைப் பாய் வெளிறிப் போகாமல் எக்ஸ்போஷரைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். நீரின் பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டரைப் போட்டால் பிளாஸ்டிக் படலத்தால் ஆன பாய்களில் வானவில் கோடுகள் தெரியும், எனக்கு அது பிடிக்காது. பாயில் உள்ள எண் படத்தில் விழட்டும். இல்லையென்றால் மாலையில் எந்தப் பிள்ளை எது என்று தெரியாமல் விழிப்பீர்கள். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் கௌஸ் ஊரில் மருந்துக்கடை வைத்துக்கொண்டு பாய்மரப் படகுகளைப் படமெடுத்த பிராங்க் பீக்கன், பெட்டிக் கேமராவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வாயில் வைத்த ரப்பர் பந்தைக் கடித்து ஷட்டரை இயக்குவாராம். ஒரு கடிக்கு ஒரு படம். நான் ஒரே காலையில் இரண்டாயிரம் எடுத்துவிட்டு, பத்தைத் தேறவைக்கத் திணறுகிறேன்.

கரைக்கு வந்ததும் கேமராவை ஈரத்தோடு பையில் போட்டு மூடாதீர்கள். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் முதலில் ஒற்றி எடுங்கள். தேய்த்தால் உப்புத் துகள் கண்ணாடியைக் கீறும். அப்புறம் உலர்ந்த துணி, மின்விசிறிக் காற்று. லைஃப் ஜாக்கெட் ஜிப்பையும் மறக்காமல் அலசுங்கள். என்னுடையது ஒருமுறை உப்பில் இறுகிப்போய், அடுத்த நாள் விடிகாலை கரையில் இடுக்கி தேடி அலைந்தேன்.