ஒன்றரை டன் ஏசி: அந்த ‘டன்’ எதன் எடை?

செட்டிநாட்டில், எங்கள் பள்ளத்தூர் வீட்டில் புது ஏசி மாட்ட ஆள் வந்த அன்று, அப்பத்தா வளவு வாசற்படியிலேயே நின்றுகொண்டு ஒரு கேள்வி கேட்டார். “ஒண்ணரை டன்னா? அம்புட்டுக் கனத்தை இந்தச் சுவரு தாங்குமாப்பா?” மாட்ட வந்த பையன் சிரித்துவிட்டான். நானும் சிரித்தேன். அப்புறம் யோசித்துப் பார்த்தால், அந்த டன் என்னதான் என்று எங்கள் இரண்டு பேருக்கும் சொல்லத் தெரியவில்லை. உள்ளே மாட்டும் பெட்டியையும் வெளியே வைப்பதையும் சேர்த்துத் தராசில் போட்டால் நாற்பது ஐம்பது கிலோ வரும், அவ்வளவுதான். பிறகு எதற்கு டன் கணக்கு?

அது ஐஸ்கட்டியின் எடை.

ஒரு டன் ஐஸ், 24 மணி நேரத்தில் முழுக்க உருகித் தண்ணீராக எவ்வளவு சூட்டைச் சுற்றுப்புறத்திலிருந்து இழுக்குமோ, அவ்வளவு சூட்டை ஒரு நாளில் வெளியே தள்ளுகிற எந்திரத்துக்கு 1 டன் என்று பேர். இதிலும் ஒரு வில்லங்கம், இது நம் ஊர் 1000 கிலோ டன் கிடையாது, அமெரிக்காவின் 2000 பவுண்டு டன், அதாவது 907 கிலோ. ஒரு பவுண்டு ஐஸ் உருக 144 பி.டி.யூ. (வெப்பத்தை அளக்கும் ஆங்கிலேய அலகு) வெப்பம் வேண்டும், 2000ஆல் பெருக்கி 24ஆல் வகுத்தால் மணிக்கு 12,000 பி.டி.யூ. ஏசிக் கடையில் யாராவது “12,000 பி.டி.யூ.” என்று சொன்னால் 1 டன்னைத்தான் சொல்கிறார் என்று புரிந்துகொள்ளலாம். கிலோவாட்டில் சொன்னால் ஏறக்குறைய 3.5. ஒன்றரை டன் ஏசி முழுவீச்சில் ஒரு நாள் ஓடினால், 1360 கிலோ ஐஸை அந்த அறைக்குள் அடுக்கி உருகவிட்ட மாதிரி.

ஐஸ் எதற்கு நடுவில் வந்தது என்றால், எந்திரத்துக்கு முன்னால் குளிர்ச்சியே ஐஸாகத்தான் விற்றது. அமெரிக்காவில் குளத்து ஐஸை அறுத்துக் கப்பலேற்றிய பிரடெரிக் டியூடர், 1833-இல் பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்கே ஒரு கப்பல் அனுப்பினார். வழியில் உருகியது போக மிச்சம் 100 டன் வாக்கில் கரை சேர்ந்தது. சென்னைக் கடற்கரையில் 1842-இல் கட்டிய ஐஸ் ஹவுஸ் அந்த வியாபாரத்துக்கானதுதான், இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது. பிறகு குளிர்பதன எந்திரங்கள் வந்தபோது, அதுவரை ஐஸ் வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்குப் புரிகிற ஒரே கணக்கு, “இது ஒரு நாளைக்கு எத்தனை டன் ஐஸுக்குச் சமம்?” என்பதுதானே. ஐஸ் போய்விட்டது, டன் மட்டும் பெட்டியில் ஒட்டிக்கொண்டது.

சொல்லின் வேர் இன்னும் வேடிக்கை. டன் என்பது முதலில் எடையே இல்லை, பெரிய மரப்பீப்பாய். ஒரு கப்பல் எத்தனை பீப்பாய் ஒயின் ஏற்றும் என்பதைக் கொண்டு கப்பலை அளந்தார்கள். 252 காலன் பிடிக்கும் அந்தப் பீப்பாய் நிறைந்தால் இருக்கும் கனம்தான் பின்னால் எடைக் கணக்காகியது. அதில் பாதி கொள்ளளவுள்ள பீப்பாய்க்கு ‘பைப்’ என்று பேர், போர்த்துக்கீசியத்தில் ‘பீப்பா’. நம் பீப்பாய் அந்தப் போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்ததுதான். ஆக, அந்தக் காலத்துக் கணக்குப்படி ஒரு டன் என்றால் சரியாக இரண்டு பீப்பாய்!

செட்டிநாட்டுக்காரர்களுக்கு எடை இல்லாத டன் புதிதும் இல்லை. நம் வீடுகளின் தூணும் உத்திரமும் வந்த பர்மாவில் தேக்கை டன் கணக்கில்தான் விற்றார்கள், அந்த டன் 50 கன அடி மரம். ஒயினுக்கு ஒன்று, மரத்துக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று.

சரி, தமிழில் என்ன சொல்வது? எடைக்கு இலங்கைத் தமிழர் ‘தொன்’ என்று எழுதுகிறார்கள், காதுக்கு நன்றாகவே இருக்கிறது. ஏசி விஷயத்தில் அலகின் பெயரை மொழிபெயர்ப்பதில் பெரிய லாபம் இல்லை, எடையோடு குழம்பும் இடத்தில் ‘குளிர்பதன டன்’ என்றால் போதும். தமிழ் வேண்டியது அந்த டன் அளக்கிற விஷயத்துக்கு. ‘குளிர்த்திறன்’ அல்லது ‘குளிரூட்டும் திறன்’ என்று எழுதலாம், தப்பில்லை. ஆனால் எனக்கு ‘ஊட்டு’ என்பதில்தான் ஒரு நெருடல். ஏசி குளிரை எங்கிருந்தும் கொண்டுவந்து ஊட்டுவதில்லை, உள்ளே இருக்கிற சூட்டை எடுத்து வெளியே கொட்டுகிறது. அதற்கு நம்மிடம் ‘தணி’ என்ற சொல் தயாராக இருக்கிறது. பால் சூடு தணிகிறது, காய்ச்சல் தணிகிறது, வெயில் தணிந்ததும் கடைக்குப் போகிறோம். ‘தணிப்புத்திறன்’ என்று சொல்லிப் பாருங்கள், “இந்த அறைக்கு எவ்வளவு சூட்டைத் தணிக்க வேண்டும்?” என்ற சரியான கேள்வி தானாக வரும். டன் என்றால் “பெரிசு வேணுமா சின்னது வேணுமா” என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

அந்தக் கேள்வியைக் கேட்காமல் நாங்கள் பட்ட பாடு மூன்று கோடை. முதலில் வாங்கியது 1 டன். கடையில் “ரூம் என்ன அளவு?” என்றார்கள், “பத்துக்குப் பன்னிரண்டு” என்றோம், “ஒரு டன் தாராளம்” என்று பில் போட்டுவிட்டார்கள். உயரத்தை யாரும் கேட்கவில்லை. கூரை 14 அடியில் இருக்கிறது, மேலே மெட்ராஸ் தார்சு, அதாவது உத்திரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய தளம், பகல் முழுக்கக் குடித்த வெயிலை ராத்திரி பத்து மணிக்கும் விட்டுக்கொண்டிருக்கும். விசேஷம் என்றால் அந்த ஒரே அறையில் எட்டுப் பேர் பாய் போட்டுப் படுப்பார்கள். சும்மா கிடக்கிற ஓர் ஆளின் உடம்பிலிருந்து ஏறக்குறைய 100 வாட் சூடு வரும், எட்டுப் பேர் என்றால் கால் டன்னுக்குக் கிட்டத்தட்ட அங்கேயே போயிற்று. ஒவ்வொரு வருஷமும் மெக்கானிக் வந்து “கேஸ் கம்மி” என்று சொல்லிக் காசு வாங்கிக்கொண்டு போனார். கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்வதில்லை, மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். குறைகிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது, ஒழுக்கை அடைக்காமல் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற வேலை. எங்கள் வீட்டில் ஒழுகியது கேஸும் இல்லை. உச்சியில் இருந்த வென்டிலேட்டர் திறந்தே கிடந்தது, பழைய தேக்குக் கதவின் அடியில் விரல் நுழையும் சந்து. ஃபால்ஸ் சீலிங் போடச் சொன்னார்கள், உத்திரத்தை மறைக்க வீட்டில் யாரும் சம்மதிக்கவில்லை. வென்டிலேட்டருக்குக் கண்ணாடி, கதவுச் சந்துக்கு ரப்பர், பழசுக்குப் பதிலாக ஒன்றரை டன்.

அதற்காக இரண்டு டன்னாகவே போட்டுவிடலாமே என்றால் அதுவும் வம்பு. தேவைக்கு மேல் பெரிய ஏசி காற்றைச் சட்டென்று குளிர்வித்துவிட்டு நின்றுவிடும், காற்றிலுள்ள ஈரத்தை இழுக்க அதற்கு நேரம் கிடைக்காது, அறை சில்லென்று ஆனால் பிசுபிசுவென்று இருக்கும். தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும் இன்வெர்ட்டர் ஏசியில் இந்தத் தொல்லை குறைவு, இல்லாமல் போகாது.

பெட்டியில் 1.5 டன் என்று அச்சடித்திருப்பதை மட்டும் நம்பவும் வேண்டாம். கணக்குப்படி 5.27 கிலோவாட் வர வேண்டும், நட்சத்திர லேபிளைப் பார்த்தால் 5.0, 4.8 என்றுகூட இருக்கும். அந்த எண்தான் நிஜமான தணிப்புத்திறன். ஐந்து கிலோவாட் என்றதும் மணிக்கு ஐந்து யூனிட் ஓடிவிடும் என்று பயப்பட வேண்டாம், ஏசி சூட்டை உண்டாக்குவதில்லை, இடம் மாற்றுகிறது, அதனால் இழுக்கிற கரண்ட் அதில் மூன்றிலொரு பங்கு, நல்ல மெஷின் என்றால் அதைவிடக் குறைவு. லேபிளில் ஐ.எஸ்.இ.இ.ஆர். என்று ஓர் எண் இருக்கும், இழுக்கிற கரண்டுக்கு எவ்வளவு சூட்டை வெளியே தள்ளுகிறது என்ற கணக்கு அது, கூடக்கூடக் கரண்ட் குறையும்.

ஐஸ் கதையை அப்பத்தாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, முற்றத்தில் ஏசிக் குழாய் சொட்டுகிற வாளியைக் காட்டி, “அப்ப இதுதான் அந்த உருகுன ஐஸா?” என்றார். இல்லை அப்பத்தா, அது அறைக்காற்றிலிருந்த ஈரம், நாம் எட்டுப் பேர் மூச்சு விட்டதும் அதில் உண்டு என்றேன். ஒரு நிமிஷம் வாளியையே பார்த்தார். துளசிக்கு ஊற்றப் போனவர் திரும்பி வந்து வாசல் தெளிக்க வைத்துக்கொண்டார்.