கவர் வெர்ஷன்: போட்டிப் பதிவும் மீள்பாடலும்

ஒருவர் பாடிப் பதிவு செய்து வெளியிட்ட பாடலை மற்றொருவர் தம் குரலில் மீண்டும் பாடி வெளியிடுவதை இன்று 'கவர் வெர்ஷன்' என்கிறோம். ஆனால் 1950களின் அமெரிக்க இசைத்தட்டு வணிகத்தில் இச்சொல்லின் பொருள் இதைவிடக் குறுகியது. ஒரு நிறுவனத்தின் பாடல் விற்பனையில் ஏறிக்கொண்டிருக்கும்போதே, வேறொரு நிறுவனம் அதே பாடலைத் தன் பாடகரைக் கொண்டு விரைந்து பதிவு செய்து, அந்தச் சந்தையில் தனக்கும் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்வதே அன்று 'கவர்' எனப்பட்டது.

இச்சொல்லை இசைத்தட்டின் மேலுறையோடு தொடர்புபடுத்திச் சொல்லப்படும் விளக்கம் எனக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை. அக்காலத்து ஒற்றைப் பாடல் தட்டுகள் பெரும்பாலும் பாடகரின் படமற்ற, நிறுவனத்தின் பெயர் மட்டுமே அச்சிட்ட காகித உறையில்தான் விற்கப்பட்டன. தன் நிலையைக் காத்துக்கொள்ளுதல், இழப்புக்கு இடமின்றி ஈடுகட்டுதல் என்று 'கவர்' என்னும் ஆங்கில வினைச்சொல்லுக்கு உள்ள பொருளே வணிகர்களின் நோக்கத்துக்குப் பொருந்துகிறது. அன்றைக்குப் பாடகரைவிடப் பாடலே விற்பனைச் சரக்காகக் கருதப்பட்டது. அமெரிக்க இசை வணிக இதழான பில்போர்டு வெளியிட்ட பட்டியல்களில் ஒன்று, யார் பாடியது என்று பாராமல் ஒரு பாடலின் எல்லாப் பதிவுகளையும் சேர்த்தே தரவரிசை அளித்தது.

ராக் அண்ட் ரோல் வரலாற்றில் இதற்கு மிகத் தெளிவான சான்று அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் லிட்டில் ரிச்சர்டின் 'டூட்டி ஃப்ரூட்டி'. (இத்தாலிய மொழியில் 'எல்லாப் பழங்களும்' என்று பொருள்படும் இப்பெயரை நாம் கேக்கிலும் ஐஸ்கிரீமிலும் இடும் வண்ணத் துண்டுகளுக்கு வைத்திருக்கிறோம்.) 1955 செப்டம்பர் 14 அன்று நியூ ஆர்லியன்ஸ் நகரில் காசிமோ மட்டாசாவின் ஜே அண்ட் எம் பதிவுக்கூடத்தில் ஸ்பெஷால்டி நிறுவனத்துக்காக அது பதிவானது. அன்று அதுவரை பாடிய புளூஸ் பாடல்களில் தயாரிப்பாளர் பம்ப்ஸ் பிளாக்வெல் நிறைவடையவில்லை. உணவு இடைவேளையில் டியூ டிராப் இன் விடுதியின் பியானோவில் அமர்ந்த ரிச்சர்ட், கேளிக்கை விடுதிகளில் தாம் பாடிவந்த கொச்சையான பாடலொன்றை முழங்க, அதில்தான் தாம் தேடிய வேகம் இருப்பதை பிளாக்வெல் கண்டுகொண்டார். வானொலியில் ஒலிக்கவே முடியாத அதன் வரிகளை டோரதி லபோஸ்ட்ரி என்னும் பாடலாசிரியர் மாற்றி எழுதிக் கொடுத்தார். மேள ஒலிப்பை வாயாலேயே கொட்டிக் காட்டும் அதன் தொடக்க முழக்கம் மட்டும் அப்படியே நின்றது. பாடலின் உயிரும் அதுதான்.

அத்தட்டு, கறுப்பின மக்களின் இசைக்கென இருந்த ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலில் இரண்டாம் இடம் வரை உயர்ந்தது. பொதுப் பட்டியலிலோ 17ஆம் இடத்தோடு நின்றுவிட, டாட் நிறுவனத்துக்காகப் பேட் பூன் பாடிய பதிவு 1956இல் 12ஆம் இடத்தை எட்டியது. கறுப்பினக் கலைஞர்களின் தட்டுகளை ஒலிபரப்பத் தயங்கிய வானொலி நிலையங்கள், வெள்ளையரான பூனின் அடக்கமான குரலில் அதே பாடலை ஒலிபரப்பத் தயங்கவில்லை. அடுத்து வந்த 'லாங் டால் சாலி' பாடலைப் பூனின் வாய்க்கு எட்டாத வேகத்தில் பாட வேண்டும் என்றே திட்டமிட்டுப் பதிவு செய்தார்கள். பூன் அதையும் பாடினார். ஆனால் இம்முறை மூலப் பதிவே முந்தியது.

இத்தகைய போட்டிக்குச் சட்டம் தடையாக இல்லை. அமெரிக்காவின் 1909ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, ஒரு பாடல் உரிமையாளரின் இசைவோடு ஒருமுறை பதிவாகிவிட்டால், படி ஒன்றுக்கு இரண்டு சென்ட் செலுத்தி எவரும் அதை மீண்டும் பதிவு செய்ய முடிந்தது. அத்தொகை பாடலின் உரிமையாளருக்கு உரியது. முதலில் பாடியவரின் குரல் நயத்துக்கோ இசையமைப்புப் பாங்குக்கோ அதில் பங்கில்லை. லிட்டில் ரிச்சர்ட் பாடலை எழுதியவர்களில் ஒருவராகவும் இருந்தார். பாட மட்டுமே செய்த கலைஞர்களுக்கு அந்த வழியும் இல்லை. இந்தியச் சட்டம் இதில் வேறுபடுகிறது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 31சி பிரிவு, பாடல் முதலில் பதிவான ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் கழிந்த பிறகே சட்டப்படியான உரிமத்தின் கீழ் கவர் வெர்ஷனுக்கு இடமளிக்கிறது.

ஆகவே தமிழில் ஒரே சொல்லால் இரண்டு பொருளையும் சுட்டுவது சரியாகாது. 1950களின் வணிக வழக்கத்தைப் 'போட்டிப் பதிவு' என்றும், இன்றைய பொதுப் பொருளை 'மீள்பாடல்' என்றும் வழங்கலாம். பூன் பாடியது போட்டிப் பதிவு. எல்விஸ் பிரெஸ்லி 1956 ஜனவரி 31 அன்று நியூயார்க்கில் இதே பாடலைப் பதிவு செய்தது, தம் முதல் இசைத்தொகுப்பில் தமக்குப் பிடித்த பாடல்களோடு சேர்ப்பதற்காக. அதை மீள்பாடல் என்பதே தகும். 'மீள்பதிவு' என்ற சொல் பழைய கட்டுரையை மீண்டும் வெளியிடுவதற்கு இணையத்தில் நிலைத்துவிட்டதால் இங்கே குழப்பம் தரும். 'மறுபதிப்பு' நூலுக்கு உரியது. 'உறைப் பதிப்பு' என்பது வெறும் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு, அறவே தவிர்க்க வேண்டியது. ஏற்கெனவே உள்ள ஒலிப்பதிவையே வெட்டியும் ஒட்டியும் மாற்றுகிற ரீமிக்ஸில் எவரும் புதிதாகப் பாட வேண்டியதில்லை என்பதால், அது மீள்பாடலில் அடங்காது.