உங்களுக்கு இருப்பது சைனஸ் இல்லை

போன வாரம் ஒரு பெண் வந்தார், 35 வயது இருக்கும். உட்காரும் முன்பே மூன்று சி.டி. ஸ்கேன் உறைகளை மேசையில் அடுக்கினார். "பத்து வருஷமா சைனஸ், டாக்டர்." மூக்குத் தண்டு வளைவுக்கு ஏற்கெனவே ஆபரேஷனும் ஆகியிருந்தது. மூச்சு தாராளமாகப் போய்வருகிறது, தலைவலி மட்டும் அப்படியே இருக்கிறது. மூக்கைப் பார்க்கலாம் என்று நெற்றி விளக்கைப் போட்டதுதான் தாமதம், கண்ணை இறுக மூடிக்கொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டார். "லைட்டை அணைச்சிடுங்க, குமட்டுது."

அதற்கு மேல் மூக்கைப் பார்க்க என்ன இருக்கிறது? மைக்ரேன், அதாவது ஒற்றைத் தலைவலி. அந்த வாரத்தில் அவர் நாலாவது ஆள்.

நான் காது மூக்கு தொண்டை மருத்துவன். தலைவலியைப் பற்றி எழுத வேண்டியவர்கள் நரம்பியல் மருத்துவர்கள்தான். ஆனால் இவர்கள் எல்லாரும் வழி தவறி என் கதவைத்தானே தட்டுகிறார்கள்!

முதலில், "எனக்கு சைனஸ் இருக்கு" என்கிற பேச்சு. சைனஸ் நோயின் பெயர் அல்ல. முக எலும்புகளுக்குள் இருக்கும் காற்றறைகளின் பெயர். நாலு ஜோடி. உங்களுக்கும் இருக்கிறது, எனக்கும் இருக்கிறது. அவற்றில் கிருமி புகுந்து வீங்கினால்தான் சைனசைட்டிஸ். அப்போது மூக்கு அடைக்கும், மஞ்சளாகவோ பச்சையாகவோ கெட்டிச் சளி வரும், வாசனை தெரியாது, காய்ச்சலும் வரலாம். மாதம் மூன்று தடவை வந்து, ஆளை இருட்டறையில் படுக்க வைத்து, வாந்தி எடுத்துத் தூங்கி எழுந்ததும் போய்விடுகிற சைனசைட்டிஸை நான் இதுவரை பார்த்ததில்லை.

"வலி வரும்போது மூக்கு ஒழுகுதே? கன்னமெல்லாம் வலிக்குதே?" முகத்துக்கு உணர்ச்சி தருகிற ட்ரைஜெமினல் நரம்புதான் மைக்ரேனிலும் கிளர்ந்தெழுகிறது. அது கிளம்பினால் கண்ணில் நீர் வழியும், மூக்கு அடைக்கும், தண்ணீராக ஒழுகும். மாடிப்படி ஏறினாலே வலி கூடுவதும் மைக்ரேனின் அடையாளங்களில் ஒன்று. "ஸ்கேன்ல சவ்வு தடிச்சிருக்குன்னு போட்டிருக்கே?" ஒரு தொந்தரவும் இல்லாத பலருக்கும் ஸ்கேன் எடுத்தால் அப்படித்தான் எழுதி வரும். ஒரு ஜலதோஷம் போதும்.

"ஆன்டிபயாடிக் போட்டா மூணு நாள்ல கேட்குதே?" எனக்கு எரிச்சல் ஏறுவது இங்கேதான். மைக்ரேன் ஒரு தடவை வந்தால், சிகிச்சை இல்லாமலே 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். 72 மணி என்றால் எத்தனை நாள்? சும்மா படுத்திருந்தாலும் மூன்றாம் நாள் போயிருக்கும். நல்ல பெயர் மட்டும் ஆன்டிபயாடிக்குக்கு.

2004-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. சைனஸ் தலைவலி என்று தாங்களே நினைத்துக்கொண்ட அல்லது மருத்துவரே சொல்லி அனுப்பிய 2991 பேரைக் கேள்வி கேட்டுப் பார்த்தார்கள். 88 சதவீதம் பேருக்கு இருந்தது மைக்ரேன் வகைத் தலைவலி. மருத்துவரே சொல்லி அனுப்பியவர்களும் அதில் உண்டு என்பதைக் கவனியுங்கள். எங்கள் ஆட்களும் இதில் யோக்கியம் இல்லை.

இன்னொரு குழப்பம் பெயரால் வருவது. ஒற்றைத் தலைவலி என்று பெயர் வைத்துவிட்டோம். "எனக்கு ரெண்டு பக்கமும் வலிக்குதே, அப்ப அது இல்லைல்ல?" மைக்ரேன் என்ற சொல்லுக்கும் கிரேக்க வேர் 'பாதி மண்டை' என்பதுதான். இருந்தாலும் பலருக்கு இரண்டு பக்கமும் வலிக்கும், சிலருக்குப் பிடரியில் ஆரம்பிக்கும். நான் பக்கத்தைக் கேட்பதில்லை. வெளிச்சம் கூசுகிறதா, குமட்டுகிறதா, அன்றைக்கு வேலையைப் போட்டுவிட்டுப் படுக்கிறீர்களா என்றுதான் கேட்பேன். சிலருக்கு வலிக்கு முன்னால் 5 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை கண்முன் வளைவு வளைவாக, மின்னுகிற கோடுகள் ஓடும். இதற்கு ஆரா என்று பெயர். ஆரா வருகிற பெண்கள் கருத்தடை மாத்திரை கேட்கும்போது அதை மறக்காமல் சொல்லுங்கள். ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை அவர்களுக்குப் பக்கவாத அபாயத்தைக் கூட்டும்.

தூண்டுவது எது? சாப்பாட்டைத் தள்ளிப்போடுவது, தூக்கம் குறைவது (கூடினாலும்தான்), மாதவிலக்கு, கடும் வெயில், சென்ட் வாசனை, மது. வேலை நெருக்கடி முடிந்து அக்கடா என்று உட்காரும் நாளில் வருவதும் உண்டு. சாக்லேட்டைக் குற்றவாளி ஆக்கும் முன் கொஞ்சம் யோசியுங்கள். வலிக்கு முந்தைய நாளே கொட்டாவியும் இனிப்பு ஆசையும் வருவது மைக்ரேனின் முன்னோட்டமாக இருக்கலாம். இணையத்தில் கிடைக்கும் பட்டியலைப் பார்த்துப் பாதிச் சாப்பாட்டை நிறுத்தாதீர்கள்.

அந்தப் பெண்ணின் கைப்பையில் வலி மாத்திரை அட்டை இரண்டு இருந்தது. "மாசத்துக்கு எத்தனை நாள் போடுறீங்கம்மா?" "கணக்கு வெச்சதில்லை." கணக்கு வைத்தே ஆகவேண்டும். பாராசிட்டமால், இபுப்ரூஃபன் போன்றவை மாதத்தில் 15 நாளுக்கும், கலவை மாத்திரைகளும், மைக்ரேனுக்கென்றே இருக்கும் ட்ரிப்டான் வகை மாத்திரைகளும் 10 நாளுக்கும் எட்டி, அப்படியே மூன்று மாதத்துக்கு மேல் ஓடினால், மாத்திரையே தலைவலியை உண்டாக்க ஆரம்பித்துவிடும். பிறகு தினமும் வலி, தினமும் மாத்திரை.

போடுகிற மாத்திரையை வலி தொடங்கும்போதே, சரியான அளவில் போடுங்கள். "தாங்குற வரைக்கும் தாங்குவோம்" என்று வீரம் காட்டினால், அதற்குள் இரைப்பை மந்தமாகிவிடும், மாத்திரை அங்கேயே கிடக்கும். வாந்தியை நிறுத்தும் மாத்திரையையும் சேர்த்துக் கொடுப்பது அதற்காகத்தான். சாதாரண வலி மாத்திரை கேட்காவிட்டால் சுமாட்ரிப்டான் மாதிரி ட்ரிப்டான்கள் இருக்கின்றன. மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்கு அவை ஆகாது. மாதத்தில் நாலைந்து நாள் முடங்குகிறவர்களுக்கு வலி வராமல் தடுக்கவே தினசரி மருந்து உண்டு: ப்ரோப்ரனலால் (ஆஸ்துமா இருந்தால் கூடாது), அமிட்ரிப்டிலின், டோபிராமேட். 2018-லிருந்து, மைக்ரேன் வலியைக் கிளப்புகிற சி.ஜி.ஆர்.பி. என்ற புரதத்தைத் தடுக்கும் ஊசிகளும் வந்துவிட்டன. எதுவானாலும் பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். பத்தே நாளில் நிறுத்திவிட்டு "கேட்கலை" என்று வராதீர்கள், தயவுசெய்து.

ஒன்றில் மட்டும் விளையாட வேண்டாம். இடி விழுந்த மாதிரி நொடியில் உச்சத்துக்குப் போகும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் விளங்காமை, பேச்சுக் குழறல், தலையில் அடிபட்ட பின் கூடிக்கொண்டே போகும் வலி: நேராக அவசரப் பிரிவுக்கு. 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் தலைவலியையும், கர்ப்பத்தில் வரும் புதுத் தலைவலியையும் மைக்ரேன் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள்.

அந்தப் பெண்ணை நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பினேன். போகும்போது ஒரு வேலையும் கொடுத்தேன்: காலண்டரில் வலி வந்த நாளுக்கு வட்டம், மாத்திரை போட்ட நாளுக்குப் பெருக்கல் குறி, மாதவிலக்கு நாளுக்கு ஒரு புள்ளி. அங்கே போகும்போது அந்தக் காலண்டரை எடுத்துப் போகச் சொன்னேன். ஸ்கேன் உறைகள் மூன்றும் வீட்டிலேயே இருக்கட்டும்.