கடன் வாங்கிக் கட்டடம்: அசலை யார் கட்டுவது?

ஐஐடி, என்ஐடி, மத்தியப் பல்கலைக்கழகங்களில் புதிதாக ஒரு விடுதியோ ஆய்வகமோ எழும்பினால், முன்பெல்லாம் அந்தப் பணம் மத்திய அரசின் மானியமாக வரும், திருப்பித் தர வேண்டியதில்லை. இப்போது அதில் பெரும் பங்கு கடன். கொடுப்பது ஹெஃபா என்கிற உயர்கல்வி நிதி நிறுவனம். 2016இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது, கனரா வங்கியைக் கூட்டுச் சேர்த்து 2017இல் தொடங்கினார்கள், 2022க்குள் 1 லட்சம் கோடி ரூபாய் திரட்டுவது என்று 2018இல் இலக்கைப் பெரிதாக்கினார்கள்.

வட்டியை அரசு கட்டிவிடும், அதனால் 'வட்டியில்லாக் கடன்தானே' என்று பலர் இதைக் கண்டுகொள்வதில்லை. கவனிக்க வேண்டியது அசலை. 10 ஆண்டுகளில் அடைக்க வேண்டும், யார் எவ்வளவு என்பது கல்வி நிறுவனத்தின் வகையையும் வயதையும் பொறுத்தது. பழைய தொழில்நுட்ப நிறுவனங்கள் முழு அசலையும் சொந்த வருமானத்திலிருந்து கட்ட வேண்டும். 2008 முதல் 2014 வரை தொடங்கிய தொழில்நுட்ப நிறுவனங்கள் 25 சதவீதம். 2014க்கு முந்தைய மத்தியப் பல்கலைக்கழகங்கள் 10 சதவீதம். அதற்குப் பிறகு வந்தவற்றுக்கு அரசே எல்லாவற்றையும் ஏற்கும். 100 கோடி கடன் என்று வைத்துக்கொள்ளுங்கள், சென்னை ஐஐடி போன்ற பழைய நிறுவனத்துக்கு ஆண்டுக்குச் சராசரியாக 10 கோடி, 2009இல் தொடங்கிய திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு 1 கோடி.

சரி, சொந்த வருமானம் எங்கிருந்து வரும்? மாணவர் கட்டணம், ஆராய்ச்சித் திட்டங்களில் கிடைக்கும் பங்கு, ஆலோசனைப் பணி, நன்கொடை. தொழில் நிறுவனங்களின் திட்டங்கள் குவிகிற இடத்தில் சமாளித்துவிடலாம், மொழி, வரலாறு, சமூகவியல் நடத்துகிற பல்கலைக்கழகத்துக்கு அந்த வழி கிடையாது, மிச்சமிருப்பது கட்டணம்தான். கடனுக்குச் சேரும்போதே, வருமானத்தில் குறிப்பிட்ட தொகையைத் தவணைக்கென்று தனிக் கணக்கில் ஒதுக்கிவைக்க நிறுவனம் ஒப்புக்கொள்ள வேண்டும், அதாவது வருகிற ஆண்டுகளின் கட்டணத்தில் ஒரு பகுதி இப்போதே கடனுக்கென்று ஒதுங்கிவிடுகிறது. எனக்கு இதுதான் பெரிய கவலை.

ஆசிரியர்கள் பக்கம் வந்தால், இந்தக் கடன் கட்டடத்துக்கும் கருவிக்கும்தான், சம்பளத்துக்கு அல்ல. புதிய ஆய்வகம் திறந்தாலும் அதில் பாடம் நடத்தப் புதிய பணியிடம் தானாக வந்துவிடாது. பல இடங்களில் ஒப்பந்த ஆசிரியர்களுக்கான ஊதியமும் கருத்தரங்குச் செலவும் இதே சொந்த வருமானத்திலிருந்துதான் போகின்றன, அங்கே தவணை முந்திக்கொண்டால் முதலில் அடிபடுவது அவர்கள்தான்.



ஐஐடியில் பி.டெக் படிப்புக்கான கல்விக் கட்டணம் இந்தத் திட்டத்துக்கு முன்பே, 2016இல், ஆண்டுக்கு 90,000இலிருந்து 2 லட்சம் ஆனது. பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கும் குடும்ப ஆண்டு வருமானம் 1 லட்சத்துக்குக் கீழே உள்ளவர்களுக்கும் முழு விலக்கு, 1 முதல் 5 லட்சம் வரை என்றால் மூன்றில் இரண்டு பங்கு விலக்கு. விலக்கு கல்விக் கட்டணத்துக்கு மட்டும், விடுதி, மெஸ் கட்டணங்கள் தனி. ஆகவே உங்கள் நிறுவனத்தில் விடுதிக் கட்டணம் ஏறினால், ஹெஃபா கடன் எவ்வளவு, ஆண்டுத் தவணை எவ்வளவு, எந்தக் கணக்கிலிருந்து போகிறது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.